எத்தனை பந்துக்கு ஒரு சிக்ஸர்? அதிரடி ஆட்டக்காரர்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஒருநாள் போட்டிகளில் அஃப்ரிடி 351 சிக்ஸர், கெயில் 331. இரண்டு பேரும் சமம்தானே சார்?

பதில்: எண்ணிக்கையை அப்படியே எடுக்காதீங்க, சந்தித்த பந்துகளை வைத்து வகுத்துப் பாருங்க. அஃப்ரிடி 8,064 ரன், ஸ்ட்ரைக் ரேட் (100 பந்துக்கு எத்தனை ரன் என்ற கணக்கு) 117. அதாவது சுமார் 6,890 பந்து. 20 பந்துக்கு ஒரு சிக்ஸர். கெயில் 10,480 ரன், ஸ்ட்ரைக் ரேட் 87. சுமார் 12,000 பந்து. 36 பந்துக்கு ஒன்று. அடிக்கும் வேகத்தில் அஃப்ரிடிதான் மேலே. ஆனால் அவர் சராசரி 24-ஐத் தொடவில்லை, சதம் 6தான். கெயிலுக்குச் சராசரி 38-ஐ ஒட்டி, சதம் 25. தொடக்க ஆட்டக்காரராக நின்று அடித்த சிக்ஸருக்குத்தான் என் ஓட்டு.

கேள்வி: விவ் ரிச்சர்ட்ஸ் இந்தக் கணக்கில் தோற்றுவிடுவாரே?

பதில்: 126 சிக்ஸர், 59 பந்துக்கு ஒன்று. எண்ணில் பின்னால்தான். ஆனால் ஸ்ட்ரைக் ரேட் 70 இருந்தாலே வேகம் என்று பேசிய காலத்தில் அவருக்கு 90. ஹெல்மெட் கிடையாது, மட்டையும் இன்றைய தடிமன் இல்லை. 1986-இல் ஆன்டிகுவாவில் இங்கிலாந்துக்கு எதிராக 56 பந்தில் டெஸ்ட் சதம், அதில் 7 சிக்ஸர். அந்த வேகத்தை மெக்கல்லம் 2016-இல்தான் முறியடித்தார், 54 பந்தில். முப்பது வருஷம் நின்ற சாதனை! அவரவர் காலத்து ஆட்டக்காரர்களோடு ஒப்பிட்டால் ரிச்சர்ட்ஸ்தான் முதலிடம்.

கேள்வி: கெயில் காலை நகர்த்தாமலே எப்படி அவ்வளவு தூரம் அடிக்கிறார்?

பதில்: முன்னங்காலைப் பந்தை நோக்கி வைக்காமல் லெக் பக்கம் விலக்கிவிடுவார். மட்டை வீச முழு வழி கிடைக்கும். தலை மட்டும் அசையாது. நல்ல உயரம், நீண்ட கை. அதனால் குட் லெங்த் பந்தே, அதாவது முன்னே போவதா பின்னே போவதா என்று குழப்பும் தூரத்தில் விழும் பந்தே, அவருக்கு அடிக்கிற லெங்த். 2013 ஐபிஎல்லில் புனே அணிக்கு எதிரான 66 பந்து 175-இல் 17 சிக்ஸர் வந்தது அப்படித்தான்.

பலவீனமும் அதே இடத்தில்தான். வேகம் குறைந்து, இடதுகை ஆட்டக்காரரை விட்டு வெளியே திரும்பும் பந்து வந்தால் நின்ற இடத்திலிருந்து எட்டாது. 2011 ஐபிஎல் இறுதிப் போட்டியில், சேப்பாக்கத்தில், முதல் ஓவரிலேயே அஷ்வின் பந்தில் தோனியிடம் கேட்ச் கொடுத்து 0-இல் போனார்.

கேள்வி: ரோஹித்துக்கு அப்படி உடம்பு இல்லையே அண்ணா?

பதில்: அவர் ஆட்டமே லெங்த்தை, அதாவது பந்து எங்கே விழும் என்பதை, முன்கூட்டிப் பிடிப்பதுதான். ஷார்ட் பந்து என்று தெரிந்ததும் எடை பின்னங்காலுக்குப் போய்விடும். பந்து மார்பு உயரம் வரும்போது இடுப்பு திரும்பும், பந்தின் வேகத்தையே பயன்படுத்தி மிட்விக்கெட்டுக்கு மேல் தூக்குவார். 2025 நவம்பரில் ராஞ்சியில் அஃப்ரிடியின் 351-ஐத் தாண்டினார்.

கேள்வி: ஹெலிகாப்டர் ஷாட் ஆடினால் பந்து நேராக மேலே போகிறது. என்ன தப்பு?

பதில்: மட்டையைச் சுழற்றுவதிலிருந்து தொடங்குகிறீங்க. சுழற்சி விளைவுதான், ஷாட் அதற்கு முன்பே முடிந்துவிடும். தோனி க்ரீஸுக்குள் ஆழமாக நிற்பார். அதனால் யார்க்கர் லெங்த் (காலடியில் விழும்) பந்துக்குக் கீழே மட்டையை விட இடம் கிடைக்கிறது. கீழ்க்கை மணிக்கட்டால் சாட்டை மாதிரி அடிக்கணும். பந்து மட்டையின் அடிநுனியிலிருந்து சுமார் 15 செ.மீ. மேலே படணும், நுனியில் பட்டால் மட்டை கையில் திரும்பி பந்து செங்குத்தாக எழும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை இப்படி இழுக்காதீங்க. டென்னிஸ் பந்தில் வருகிறதே என்று லெதர் பந்தில் நம்பவும் வேண்டாம். டென்னிஸ் பந்து அதிகம் எழும்பும், அடியில் மட்டை நுழைவது சுலபம்.

கேள்வி: இப்போது எல்லாம் மட்டையின் வேலைதானே?

பதில்: பாதி உண்மை. 2017 அக்டோபரிலிருந்து விளிம்பு 40 மி.மீ., தடிமன் 67 மி.மீ. தாண்டக்கூடாது. அதற்குப் பிறகும் சிக்ஸர் குறையவில்லை. எல்லைக் கயிறு எங்கே கிடக்கிறது என்பதையும் பாருங்க: 65 கெஜம் இருந்தால் போதும், 90 வரை போகலாம். 65 கெஜ மைதானத்தில் தவறி அடித்த பந்தும் கயிற்றைத் தாண்டும்.

கேள்வி: பிராட்மன்?

பதில்: 52 டெஸ்டில் 6 சிக்ஸர். பந்தைத் தரையோடு தரையாக அடித்தவர். அவரை இந்தப் பட்டியலில் சேர்க்கக்கூடாது.