பேராயர் நாற்காலி

கேள்வி: இங்கிலாந்துத் திருச்சபையின் மிக மூத்த குருவான கேன்டர்பரி பேராயரின் பதவி என்றாலே சொகுசுதானே?

பதில்: குடியிருக்க லண்டனில் லாம்பெத் அரண்மனை. கசக்குமா என்ன! ஆனால் அந்தப் பதவியில் இருந்த தாமஸ் கிரான்மரைக் கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் முதல் திருமணம் செல்லாது என்று 1533இல் தீர்ப்புச் சொன்னவர். அப்புறம் அந்த முதல் மனைவியின் மகள், கத்தோலிக்கரான மேரியே ராணியானாள். விடுவாளா? உயிருக்குப் பயந்து, தன் புராட்டஸ்டன்ட் கொள்கைகளை மறுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார் கிரான்மர். அப்படியும் 1556 மார்ச் 21 அன்று ஆக்ஸ்போர்டில் எரித்தார்கள். கடைசி நேரத்தில் மறுப்பை வாபஸ் வாங்கி, கையெழுத்திட்ட வலக்கையை முதலில் தீயில் நீட்டினாரே, எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அதனால்தான். பின்னாளில் அதே நாற்காலியில் உட்கார்ந்த வில்லியம் லாட் பாடு வேறு. மன்னர் முதலாம் சார்லஸ் மன்னிப்பு கொடுத்தும் நாடாளுமன்றம் மதிக்கவில்லை. 1645இல், 71 வயதில், தலையை வெட்டிவிட்டார்கள்.