திரையில் பளிச், கணினியில் வெளிறல்: சென்சார் போய்விட்டதா?

கேள்வி: லென்ஸ் மாற்ற முடியாத சின்ன கேமரா வைத்திருக்கிறேன். எடுத்தவுடன் பின்பக்கத் திரையில் படம் அருமையாக இருக்கிறது. ரா கோப்பை (ஒளியை உணரும் சில்லான சென்சார் பதிவு செய்ததை மெருகேற்றாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு) கணினியில் திறந்தால் ஒரு நொடி அதே நிறம் தெரிகிறது, அப்புறம் கண்ணெதிரே வெளிறிப்போகிறது. பழைய கேமரா வாங்கி விற்கும் ஒருவர், "சென்சார் வீக், கொடுத்துவிட்டு வேறு எடுங்கள்" என்கிறார். இன்னொருவர் பிரீசெட் (ஒரே சொடுக்கில் படத்தின் நிறத்தை மாற்றும் ஆயத்த அமைப்பு) தொகுப்பு வாங்கச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: கேமராவை யாரிடமும் கொடுக்காதீர்கள். அந்த "ஒரு நொடி"யில்தான் விடை இருக்கிறது.

கிட்டத்தட்ட ஒவ்வொரு ரா கோப்புக்குள்ளும் கேமராவே நிறம், கான்ட்ராஸ்ட் எல்லாம் கூட்டிச் செய்த ஒரு ஜேபெக் படம் ஒளிந்திருக்கிறது. பின்பக்கத் திரை காட்டுவது அதைத்தான். கணினியிலும் முதலில் அதுவே வரும். பிறகு மென்பொருள் அதை ஒதுக்கிவிட்டு, ரா தகவலிலிருந்து தன் கணக்குப்படி படத்தைப் புதிதாக உருவாக்குகிறது. ரா என்பது வெட்டாத துணி, ஜேபெக் தைத்த சட்டை. இரண்டும் ஒரே சென்சாரிலிருந்து வந்தவை. சென்சார் வீக் என்றால் ஜேபெக் மட்டும் எப்படி நன்றாக வரும்? அந்த ஆளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

இதே ஆட்களிடம் இன்னொரு வித்தையும் உண்டு. சிறிய கேமராக்களில் லென்ஸின் வளைவையும் மூலை இருட்டையும் மென்பொருளே திருத்தும்படி வடிவமைப்பது சகஜம். ஜேபெக்கில் அந்தத் திருத்தம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதைச் செய்யாத மென்பொருளில் ராவைத் திறந்து, வளைந்த சுவரைக் காட்டி, "லென்ஸ் நகர்ந்துவிட்டது" என்று பாதி விலைக்குக் கேட்பார்கள். லென்ஸ் கரெக்‌ஷனை இயக்கினாலே சுவர் நேராகிவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். கேமராவில் ரா + ஜேபெக் இரண்டும் பதிவாகும்படி வையுங்கள். ஜேபெக் பிடித்திருந்தால் அதோடு விட்டுவிடுங்கள், ராவைத் தொடவே வேண்டாம். பிடிக்காத படத்துக்கு மட்டும் ரா. ராவைத் திருத்த உதவும் அடோபியின் லைட்ரூம் மென்பொருளில் முதலில் ப்ரொஃபைல் பகுதியைத் திறந்து, "கேமரா மேட்சிங்" வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒன்றைத் தேர்ந்தாலே திரையில் கண்ட நிறத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அடுத்து ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவது), அப்புறம் எக்ஸ்போஷர் (மொத்த வெளிச்சம்), ஹைலைட் (பளிச்சென்ற பகுதிகள்). ஷார்ப்னஸ் கடைசியில். ஃபியூஜி எக்ஸ்100, ரிக்கோ ஜிஆர் வகை என்றால் கேமராவுக்குள்ளேயே ராவை ஜேபெக்காக மாற்றலாம். காசு செலவில்லாத இந்த வசதியைப் பற்றி விற்பவர்கள் வாய் திறப்பதில்லை.

படம் வெளிறாமல் *இருட்டாக* வந்தால் கதை வேறு. ஃபியூஜியில் டைனமிக் ரேஞ்ச் என்ற அமைப்பு உண்டு. அதை 400-இல் வைத்தால், வானம் வெளுத்துப் போகாமலிருக்க கேமரா வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் குறைத்து (ஒரு ஸ்டாப் என்றால் பாதி, இரண்டு என்றால் கால் பங்கு) பதிவு செய்து, ஜேபெக்கில் மட்டும் நிழலைத் தூக்கிவிடும். ராவில் குறைந்தது குறைந்தபடியே இருக்கும். சில மென்பொருள்கள் இதைப் புரிந்துகொண்டு தாமே ஈடுகட்டும், சில கட்டாது. அதனால் ஒரே படம் ஒன்றில் சரியாகவும் இன்னொன்றில் இருட்டாகவும் தெரியும். அடையாளம் என்ன தெரியுமா? நல்ல வெயிலிலும் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் எண்) அடிமட்டத்துக்கு இறங்காது: அடிமட்டம் 200 உள்ள கேமராவில் 800-லேயே நிற்கும். ரா மட்டுமே எடுப்பதானால் டைனமிக் ரேஞ்சை 100-இல் வைத்துவிடுங்கள். ஜேபெக்கும் வேண்டுமென்றால் 400 இருக்கட்டும், கணினியில் இருட்டாகத் தெரிந்தால் எக்ஸ்போஷரை இரண்டு ஸ்டாப் ஏற்றிக்கொள்ளுங்கள். எதுவும் கெட்டுப்போகவில்லை.

பிரீசெட் வாங்க வேண்டாம். அது சில ஸ்லைடர்களின் எண்களைச் சேமித்த கோப்பு, அவ்வளவுதான். விளம்பரப் படத்தில் அழகு செய்தது மாலை வெயில், பிரீசெட் அல்ல. ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த முகத்தில் அதைப் போட்டால் மஞ்சள் காமாலைதான் மிஞ்சும்.

இத்தனை குழப்பத்துக்கும் கம்பெனிகள்தான் காரணம். அடோபி 2004-லேயே ரா கோப்புகளுக்கு டிஎன்ஜி என்ற பொது வடிவத்தைக் கொண்டுவந்தது. ரிக்கோ ஜிஆரும் லைகா க்யூவும் அதில்தான் எழுதுகின்றன. கேனான், நிக்கான், சோனி, ஃபியூஜி எல்லாம் இன்னும் ஆளுக்கொரு பூட்டு. புது மாடல் வந்தால் பழைய மென்பொருள் அந்தக் கோப்பைத் திறக்காது, மறுபடி சந்தா கட்டு என்கிறார்கள். கேட்பாரில்லை.

உங்கள் சென்சாரைச் சோதித்தே தீரவேண்டும் என்றால், எஃப்/16-இல் (லென்ஸின் துளையை நன்றாகச் சுருக்கி) வெறும் வானத்தை நாலைந்து முறை எடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் மங்கலான கறுப்புப் புள்ளி இருந்தால் அது தூசி. லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா என்பதால் வீட்டில் துடைக்க வழியில்லை, கம்பெனியின் சர்வீஸ் மையத்துக்கே அனுப்புங்கள். பழைய கேமரா வாங்குபவரிடம் "கொஞ்சம் திறந்து பாருங்களேன்" என்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.