காளான் மருந்து என் கணவருக்கு ஒத்துக்கொள்ளுமா?

மனநலம்: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

கேள்வி: மதிப்புக்குரிய டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்களுக்குத் திருச்சிப் பக்கம். பதினொரு வருடமாக மெல்பர்னில் இருக்கிறோம். என் கணவருக்கு வயது 43. ஆறு வருடமாக அவருக்கு டிப்ரஷன். வேலைக்குப் போகிறார், வருகிறார், அவ்வளவுதான். சனி, ஞாயிறு முழுக்க ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுப் படுத்திருப்பார். கல்யாணமான புதிதில் இவர் இப்படி இல்லை. ராத்திரி மூன்று மணி வரை விழித்து ஏதாவது செய்துகொண்டே இருப்பார். ஒரே மாதத்தில் இரண்டு தொழில் தொடங்கப் போகிறேன் என்று முன்பணமெல்லாம் கொடுத்தார். வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைப்பார். அந்த மனிதரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே குடும்ப டாக்டர் எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் நான்கு மாதம் கொடுத்தார். பலனில்லை. அப்புறம் செர்ட்ராலின் 50. குமட்டுகிறது என்று மூன்றே வாரத்தில் இவர் நிறுத்திவிட்டார். கவுன்சலிங் நான்கு தடவை போனார். மாத்திரைக்கு அடங்காத டிப்ரஷனுக்கு சைலோசைபின் என்ற காளான் மருந்தை இங்கே சட்டப்படியே கொடுக்கிறார்கள் என்று படித்துவிட்டு, இப்போது ஒரு கிளினிக்கில் பெயர் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் முதல் சந்திப்பு. மொத்தம் 24,000 டாலர் ஆகுமாம். வீட்டுக் கடனோடு சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். குடும்பத்தில் யாருக்கும் மனநோய் கிடையாது. (பெரிய நாத்தனார் மட்டும் முதல் பிரசவம் ஆனதும் தூக்கமே இல்லாமல் பேசிக்கொண்டே இருந்தாராம். குணசீலம் கோயிலில் 48 நாள் வைத்திருந்து சரியாகிவிட்டது. இப்போது டீச்சராக இருக்கிறார்.) இந்தச் சிகிச்சையைச் செய்யலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், மெல்பர்ன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்கு வேண்டாம். அந்த 'இப்போதைக்கு' என்பதையும் சேர்த்துப் படியுங்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள் அடைப்புக்குறிக்குள் ஒதுக்கி எழுதிய அந்த இடத்தில்.

மதுரையில் 31 வருடமாக மனநல மருத்துவம் பார்க்கிறேன். இந்தச் சிகிச்சையை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. இந்தியாவில் சைலோசைபின் 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஆகவே படித்ததை வைத்தும், நாள்பட்ட மனச்சோர்வு உள்ளவர்களைப் பார்த்துவரும் அனுபவத்தை வைத்தும்தான் சொல்கிறேன். இந்த மருந்தின் மேல் எனக்கு எந்த வெறுப்பும் கிடையாது. பத்து, பதினைந்து வருடமாக எந்த மாத்திரைக்கும் அசையாத துக்கத்தோடு என் எதிரே வந்து உட்காருகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இன்னொரு வழி திறந்தால் மிகவும் சந்தோஷப்படுவேன்.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், தனி அனுமதி பெற்ற சைக்கியாட்ரிஸ்டுகள் (மனநல மருத்துவர்கள்) மட்டும் இதைக் கொடுக்கலாம். மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு சைலோசைபின், பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் பி.டி.எஸ்.டி.க்கு எம்.டி.எம்.ஏ. என்ற வேறொரு மருந்து என இரண்டே நோய்களுக்குத்தான். அதற்காக, மற்ற மாத்திரைகளைப் போலத் தரம், பாதுகாப்பு, பலன் எல்லாம் அரசு பரிசோதித்துப் பதிவு செய்த மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பரிசோதனை இல்லாமலேயே கொடுக்க மருத்துவருக்குத் தரப்பட்ட அனுமதி இது. அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் எம்.டி.எம்.ஏ. சிகிச்சைக்கு அனுமதி மறுத்துவிட்டார்கள்.

மருந்து கொடுக்கும் முன்னால் சில நாட்கள் உட்கார்ந்து பேசுவார்கள். மருந்து நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டு, இசை கேட்டபடி படுத்திருக்க வேண்டும். பக்கத்தில் வழக்கமாக இரண்டு சிகிச்சையாளர்கள் இருப்பார்கள். அதன்பின், மருந்தின் பிடியில் மனதுக்குள் கண்டதையும் உணர்ந்ததையும் பற்றிப் பேச மேலும் சில சந்திப்புகள். 24,000 டாலரில் பெரும்பகுதி இந்த ஆட்களின் நேரத்துக்குத்தான் போகிறது.

பலன் உண்டா? உண்டு. 2022-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், மாத்திரைக்கு அடங்காத மனச்சோர்வு உள்ள 233 பேருக்கு ஒரே ஒரு தடவை சைலோசைபின் கொடுத்தார்கள். 25 மில்லிகிராம் வாங்கியவர்களில் நூற்றுக்கு 29 பேர் மூன்றாவது வாரத்தில் நோய் நீங்கிய நிலைக்கு வந்தார்கள். பெயருக்கு 1 மில்லிகிராம் வாங்கியவர்களில் நூற்றுக்கு 8 பேர். ஆனால் பன்னிரண்டாவது வாரம் வரை நல்ல முன்னேற்றம் நிலைத்தது, 25 மில்லிகிராம் வாங்கியவர்களிலும் நூற்றுக்கு 20 பேருக்குத்தான். 59 பேரை வைத்து 2021-ல் வந்த இன்னொரு ஆய்வில் சைலோசைபினையும் எஸ்சிட்டலோபிராமையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ஆறு வாரம் கழித்து, முக்கிய அளவுகோலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இன்னொன்று, உண்மையான மருந்து உள்ளே போனால் அது நோயாளிக்கு அரை மணி, ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். 'எனக்குக் கிடைத்துவிட்டது' என்ற நம்பிக்கையே கொஞ்சம் குணமாக்கும். எது மருந்து, எது நம்பிக்கை என்று பிரித்துப் பார்ப்பது இந்த ஆய்வுகளில் கஷ்டம்.

இந்த எண்களை உங்கள் கணவருக்குப் பொருத்திப் பார்க்கும் முன் ஒன்று கவனியுங்கள். இந்த மாதிரி ஆய்வுகளில், சைக்கோசிஸ் (நிஜம் எது என்றே தெரியாமல் போகும் மனநோய்) அல்லது பைபோலார் நோய் (சில காலம் அதீத உற்சாகம், சில காலம் ஆழ்ந்த சோர்வு என்று மாறி மாறி வருவது) வந்தவர்களைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. பெற்றோர், உடன்பிறந்தோருக்கு வந்திருந்தாலும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மருந்து அதே நோயைத் தூண்டிவிடலாம் என்ற பயம்தான் காரணம்.

இனி உங்கள் நாத்தனார். குழந்தை பிறந்தவுடன் தூக்கம் போய், ஓயாமல் பேசி, வீட்டாரால் சமாளிக்க முடியாத நிலை. மருத்துவத்தில் இதைப் பிரசவத்துக்குப் பின் வரும் சைக்கோசிஸ் என்போம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில் வரும், பெரும்பாலும் முழுக்கக் குணமாகிவிடும். குணசீலம் பெருமாளிடம் அழைத்துப் போனதை நான் குறை சொல்லவே மாட்டேன். என் நோயாளிகள் பலர் அங்கே போய்விட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். ஆனால் இந்த நோய்க்கும் பைபோலாருக்கும் நெருங்கிய உறவு உண்டு. அவர் உங்கள் கணவரின் கூடப் பிறந்தவர். கிளினிக்கில் 'குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா?' என்று கேட்கும்போது 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டால், அவரைக் காப்பாற்ற வைத்திருக்கும் கதவை அவரே திறந்துவிட்டதாக ஆகும்.

நம் வீடுகளில் இதை மறைப்பது பொய் சொல்லும் எண்ணத்தில் அல்ல. கல்யாணம் ஆக வேண்டிய பெண்கள் இருக்கிறார்கள், ஊர் பேசும், பழசை ஏன் கிளற வேண்டும் என்ற தவிப்பில்தான். சில வருடம் முன்பு ஒரு கல்லூரி மாணவரை நண்பர்கள் வத்தலக்குண்டு வழியாகக் காரில் நேரே என்னிடம் அழைத்து வந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன்.) கொடைக்கானலில் யாரோ கொடுத்த காளானைச் சாப்பிட்டிருந்தார். நான்கு நாளாகத் தூக்கமில்லை. மற்ற நண்பர்களுக்கு மறுநாளே தெளிந்துவிட்டது, இவருக்குத் தெளியவில்லை. அவருடைய அப்பா வார்டு வாசலில் வைத்துத்தான் முதல் தடவையாகச் சொன்னார்: "என் தம்பிக்கும் இந்த வயசுலதாம்மா இப்படி ஆச்சு. யார்கிட்டயும் சொன்னதில்ல." அந்தப் பையன் பழைய நிலைக்கு வர எட்டு மாதம் ஆயிற்று. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்த அப்பாவின் முகம்தான் ஞாபகம் வந்தது.

அப்புறம், கல்யாணமான புதிதில் இருந்த அந்த மனிதர். ராத்திரி மூன்று மணி, ஒரே மாதத்தில் இரண்டு தொழில், முன்பணம். கடிதத்தை வைத்து நோய் சொல்வது தவறு, சொல்லவும் மாட்டேன். அது இளமையின் உற்சாகமாகவே இருக்கலாம். ஆனால் ஒரு சைக்கியாட்ரிஸ்ட் உங்கள் இருவரையும் உட்கார வைத்து அதைத் துருவிக் கேட்க வேண்டும். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல் எழுந்தாரா? எத்தனை நாள் அப்படி? பேச்சு வேகமாக இருந்ததா? கைக்கு மீறிச் செலவு செய்தாரா? தன் வாழ்க்கையின் மிக நல்ல நாட்கள் அவைதான் என்று அவர் நினைத்திருப்பார், டாக்டரிடம் அதை நோயாகச் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள்தான் சொல்ல வேண்டும். அது பைபோலார் என்றால், மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அதற்கு லித்தியம் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன, மிகப் பழைய, விலை குறைந்த மருந்துகள். லித்தியம் சாப்பிடுகிறவர் சைலோசைபின் எடுத்தால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இது பைபோலார் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவருடையது 'மாத்திரைக்கு அடங்காத' மனச்சோர்வு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எஸ்சிட்டலோபிராமை 20 வரை ஏற்றலாம், ஏற்றவே இல்லை. செர்ட்ராலினை மூன்று வாரத்தில் நிறுத்தினால் அது முயற்சி செய்த கணக்கிலேயே வராது. ஆறு வருடத்தில் ஒரு தடவையாவது தைராய்டு பார்த்தார்களா? குடி உண்டா? தூங்கும்போது குறட்டையோடு மூச்சு நிற்கிறதா? முறையான சிந்தனைப் பயிற்சிச் சிகிச்சை பன்னிரண்டு, பதினாறு அமர்வாவது போக வேண்டும். நான்கில் விட்டால் எப்படி? இதையெல்லாம் செய்து பார்த்தும் நகரவில்லை என்றால், மயக்கம் கொடுத்து மூளைக்கு லேசான மின்சாரம் செலுத்தும் இ.சி.டி. இருக்கிறது, மூக்கில் அடிக்கும் எஸ்கெட்டமின் இருக்கிறது.

ஆகவே அடுத்த மாதச் சந்திப்பை ரத்து செய்ய வேண்டாம், தள்ளிப் போடுங்கள். அதற்கு முன்னால் குடும்ப டாக்டரிடம் கடிதம் வாங்கி, அந்தக் கிளினிக்கோடு சம்பந்தமில்லாத ஒரு சைக்கியாட்ரிஸ்டைப் பாருங்கள். அவரைப் பார்க்கப் போகும் முன் நாத்தனாருக்கு ஃபோன் செய்யுங்கள். "அண்ணி, பழசைக் கிளறக் கேட்கவில்லை. இவருக்கு எந்த மருந்து ஆகும், எது ஆகாது என்று டாக்டர் முடிவு பண்ண வேண்டியிருக்கிறது. அப்போது என்ன மாத்திரை கொடுத்தார்கள், எத்தனை நாள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். டீச்சர் அல்லவா, தம்பிக்காக என்றால் சொல்வார்.

என்றாவது ஒருநாள் அவருக்கு இது பொருந்தும் என்று டாக்டர்களே சொன்னால், மறுபடி எனக்கு எழுதுங்கள். மருந்து நாளுக்கு முன் பழைய மாத்திரைகளை நிறுத்தச் சொல்லும் வாரங்கள் மிகவும் கவனிக்க வேண்டியவை, அந்த நாட்களில் அவரைத் தனியாக விடக்கூடாது. அறையில் இருக்கப் போகும் இருவர் யார், அவரைத் தொடுவதற்கு என்ன விதி, வீடியோ பதிவு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கனடாவில் ஒரு எம்.டி.எம்.ஏ. ஆய்வில் சிகிச்சையாளரே நோயாளியிடம் எல்லை மீறியது வீடியோ பதிவில் வெளிவந்தது. கேட்டால் கோபித்துக்கொள்கிற கிளினிக் உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: எனக்கு 27 வயது. ஐ.டி. வேலை. நான்கு மாதமாக மனசு சரியில்லை. கொடைக்கானல் காளானை உலர்த்தி, தினமும் துளித்துளியாக எடுத்தால் போதும், டாக்டரே தேவையில்லை என்கிறான் நண்பன். சரியா டாக்டர்?

வாசகர், கோவை

பதில்: வேண்டாம் தம்பி. வைத்திருப்பதே குற்றம், அது ஒரு பக்கம். மலையில் விஷக் காளானும் முளைக்கிறது. கல்லீரலைத் தாக்கும் வகையில், வாந்தி தொடங்கவே பல மணி நேரம் ஆகும், அதற்குள் விஷம் ஏறிவிடும். நல்ல காளானே என்றாலும் எதில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. துளித்துளியாக எடுப்பது பற்றி 2021-ல் 191 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. அவர்களுக்கே தெரியாமல் மருந்தில்லாத வெறும் கேப்சூலை விழுங்கியவர்களும் அதே அளவு நன்றாக உணர்ந்தார்கள்.

நான்கு மாத மனச்சோர்வு, அதுவும் 27 வயதில், நன்றாகக் குணமாகக்கூடியது. இன்று இரவே 14416-க்கு ஃபோன் செய்யுங்கள். டெலி மானஸ், அரசு நடத்துவது, இலவசம், தமிழிலேயே பேசலாம். இந்த வாரத்துக்குள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஒரு ஓ.பி. சீட்டு போடுங்கள். நண்பனையும் கூட அழைத்துப் போங்கள்.