ஹாரி ஜான்சன் பற்றிக் கேட்டீர்கள்

பன்னாட்டு வணிகம் பற்றி எப்போது பேசினாலும் ஹாரி கார்டன் ஜான்சன் என்ற பொருளியல் அறிஞரின் பெயரை இழுத்துவிடுகிறேன். யார் அவர் என்று பலரும் கேட்டுவிட்டீர்கள். எல்லோருக்கும் சேர்த்துப் பதில்.

எம்.ஏ. மாணவி: சார், எங்கள் பாடப்புத்தகத்தில் இவர் அடிக்குறிப்பில்தான் வருகிறார். அவ்வளவு பெரிய ஆளா?

பெரிய ஆள்தான் அம்மா. 1923ல் டொராண்டோவில் பிறந்தவர். பட்டம் வாங்கிய கையோடு கனடாவின் ஒரு சிறிய கல்லூரியில் பொருளியல் துறையையே ஒற்றை ஆளாக நடத்தினார். அப்புறம் கேம்பிரிட்ஜ், மான்செஸ்டர், 1959 முதல் சிகாகோ. 1966லிருந்து 1974 வரை சிகாகோவிலும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலும் ஒரே சமயத்தில் பேராசிரியர். 1977ல் ஜெனீவாவில் இறந்தபோது வயது 53. அதற்குள் 500க்கும் மேற்பட்ட கட்டுரைகள்.

கல்லூரி ஆசிரியர்: இத்தனை எழுதினால் ஆழம் இருக்குமா?

எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆளுக்கொரு மூலையில் எழுதிவைத்ததை எடுத்துக் கோத்து, மாணவன் கையாளக்கூடிய கருவியாக்கித் தருவதில் அவருக்கு இணை இல்லை. பணக் கோட்பாடு பற்றி 1962ல் எழுதிய நீண்ட கட்டுரை அப்படிப்பட்டது. கருத்தரங்கில் மரத்துண்டில் உருவம் செதுக்கிக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பார். கை கத்தியில் இருக்கும், காது பேச்சில் இருக்கும்.

ஏற்றுமதியாளர்: பணக்கார நாடுகளில் இறக்குமதி வரி குறைவுதானே, அப்புறம் ஏன் ஏழை நாடுகள் புலம்புகின்றன?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வரிப் பட்டியலில் இருக்கும் எண் வேறு, அது தரும் பாதுகாப்பு வேறு. துணியின் உலகச் சந்தை விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நூலுக்கு 60, நெய்கூலி லாபமெல்லாம் 40. நூலுக்கு வரி இல்லை, துணிக்கு 20 சதவீதம். உள்ளூர் ஆலை இப்போது துணியை 120க்கு விற்கலாம், நூல் அதே 60தான். 40ல் ஓடவேண்டிய ஆலைக்கு 60 கிடைக்கிறது. வரி 20, பாதுகாப்பு 50 சதவீதம்! நூலாகக் கொண்டுவந்தால் கதவு திறந்திருக்கும், துணியாகக் கொண்டுவந்தால் சாத்தியிருக்கும். இந்தக் கணக்கை வளர்த்ததில் மேக்ஸ் கார்டன், பேலா பலாசா என்ற பொருளியல் அறிஞர்களுக்கும் பங்கு உண்டு. ஏழை நாடுகளைப் பற்றி 1967ல் எழுதிய புத்தகத்தில் ஜான்சன் இதை வைத்துத்தான் பணக்கார நாடுகளைக் கேள்வி கேட்டார். ஏழை நாடுகளின் சொந்தக் காப்பு வரிகளையும் அவர் விடவில்லை.

வங்கி ஊழியர்: அன்னியச் செலாவணி விஷயத்தில் என்ன சொன்னார்?

தன் பணத்துக்கு வெளிநாட்டுப் பணத்தில் இத்தனை என்ற மாற்று விகிதத்தை நிலையாக வைத்திருக்கும் நாட்டில் மத்திய வங்கி, மக்கள் கையில் வைத்துக்கொள்ள விரும்புவதைவிட அதிகமாகப் பணத்தை வெளியிட்டால், மிச்சம் வெளிநாட்டுப் பொருளாகவும் சொத்தாகவும் மாறும். நாட்டின் அன்னியச் செலாவணிக் கையிருப்பு கரையும். ஆக, கையிருப்பு கரைவது முதலில் பணத்தின் பிரச்சினை. சிகாகோவில் ராபர்ட் மண்டெல் என்ற பொருளியல் அறிஞரும் இவரும் வளர்த்த பார்வை இது.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்: படித்தவர்கள் நாட்டை விட்டுப் போவது பற்றி எழுதியிருக்கிறாராமே அண்ணா?

ஆமாம் தம்பி. போகிறவர்கள் போகட்டும், உலகம் முழுவதையும் ஒரே கணக்கில் பார்த்தால் லாபம்தான் என்றார். அவரே கனடாவை விட்டுப் போனவர். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரே டாக்டர் இருந்த ஊரில் அவரும் போய்விட்டால், அந்த ஊர்க்காரருக்கு உலகக் கணக்கு எதற்கு? கேம்பிரிட்ஜில் ஜான்சனிடம் படித்த பொருளியல் அறிஞர் ஜகதீஷ் பகவதியே பின்னாளில், வெளியேறுவோர் வருமானத்தில் வரி பிடிக்க வேண்டும் என்றார்.

எம்.ஏ. மாணவி: நோபல் கிடைக்கவில்லையே சார், ஏன்?

மே மாதம் இறந்தார். அதே 1977 அக்டோபரில் பரிசு பன்னாட்டு வணிகத்துக்கே போனது, பெர்டில் ஓலினுக்கும் ஜேம்ஸ் மீடுக்கும். இறந்தவர்களுக்குப் பரிசு கிடையாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

கல்லூரி ஆசிரியர்: முதலில் எதைப் படிக்கலாம்?

வரிக்குப் பதில் வரி பற்றி 1950களின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரை. இரண்டு நாடுகள் மாறி மாறி வரி போட்டால் இரண்டுக்கும் நஷ்டம் என்றுதான் பொதுவாக நினைப்போம். சண்டை முடிந்த பிறகும் ஒரு நாடு லாபத்தில் நிற்கக்கூடும், அது தேவையின் நெகிழ்ச்சியை, அதாவது விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதைப் பொறுத்தது என்று அதில் காட்டினார். சுதந்திர வணிகத்தை ஆதரித்தவர், தன் பக்கத்துக்குச் சங்கடமான விடையையும் மறைக்காமல் எழுதினார். பேனாவும் தாளும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள் சார், கட்டுரையில் உள்ள வரைபடங்களை நீங்களே வரைந்து பார்த்தால்தான் பிடிபடும்.