பெரிய ஆர்டரில் சிறு பட்டறைகளுக்குப் பங்கு: வாசகர் கேள்விகள்

நாங்கள் துவாக்குடியில் ஒரு மத்திய பொதுத்துறை நிறுவனத்துக்குப் பெரிய அளவில் பேப்ரிகேஷன் (இரும்புத் தகடுகளை வெட்டி, இணைத்துச் செய்யும் வேலை) செய்கிறோம். பட்டியலினத்தவர், பெண்கள் நடத்தும் பட்டறைகளுக்குக் கொஞ்சம் வேலை பிரித்துக் கொடுங்கள் என்கிறார்கள். எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2012 கொள்முதல் ஆணைப்படி மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டிய பங்கு முதலில் 20 சதவீதம். 2019 ஏப்ரல் முதல் 25. அந்த 25-க்குள் பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனங்களுக்கு 4, பெண்கள் நிறுவனங்களுக்கு 3. இதில் அந்த 4 பெரும்பாலும் நிரம்பாமலே கிடக்கிறது. சப்-கான்ட்ராக்ட்டாகப் போகும் வேலையும் இந்தக் கணக்கில் சேரும் என்பதால்தான் உங்களிடம் வருகிறார்கள். உங்களுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால், வாங்குபவருக்கு நிரப்ப முடியாததை நிரப்பிக் கொடுக்கும் சப்ளையரை யாரும் எளிதில் மறக்க மாட்டார்கள்.

கணக்கில் ஏற வேண்டுமென்றால் காகிதம் வேண்டும். பட்டறையின் உத்யம் எண் (குறு, சிறு நிறுவனமாக அரசிடம் பதிந்த எண்), உரிமையாளரின் சாதிச் சான்று, அவர் பில், உங்கள் பர்ச்சேஸ் ஆர்டர் எண் நான்கையும் ஆர்டர்வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். ஆண்டுக் கடைசியில் தேடினால் கிடைக்காது.

எடுத்த எடுப்பிலேயே பிரஷர் பார்ட் (அழுத்தம் தாங்க வேண்டிய பாகம்) கொடுக்காதீர்கள். கேஸ் கட்டிங், டிரில்லிங், கிரைண்டிங், பெயின்டிங் என்று ஆரம்பியுங்கள். பிளேட்டை நீங்களே ஜாப் வொர்க் சலானில் அனுப்புங்கள்; பொருள் உங்களுடையது, வேலை மட்டும் அவருடையது. ஓராண்டுக்குள் திரும்பிவிட்டால் அதற்கு ஜிஎஸ்டி இல்லை, அவருடைய பணமும் ஸ்டீலில் முடங்காது. அப்புறம், சலானிலேயே டிராயிங்கின் ரிவிஷன் எண்ணை எழுதுங்கள். ரிஜெக்‌ஷன் வந்ததும் ‘சின்னப் பட்டறை, அப்படித்தான் இருக்கும்’ என்கிறார்கள். விசாரித்தால் பட்டறைக்குப் போனது பழைய டிராயிங்காக இருக்கும். முதல் பீஸை உங்கள் ஆள் நேரில் பார்த்து ஓகே செய்த பிறகு மற்றதை ஓட்டச் சொல்லுங்கள்.

மனைவி பெயரில் 51 சதவீதப் பங்கு மாற்றிவிட்டால் பெண்கள் நிறுவனம் ஆகிவிடுமா?

காகிதத்தில் ஆகும். ஆனால் விலை பேச நீங்கள், செக்கில் கையெழுத்து நீங்கள், பட்டறையில் நிற்பதும் நீங்கள் என்றால், நேரில் வந்து பார்க்கும் முதல் அதிகாரிக்கே விஷயம் புரிந்துவிடும். அந்த 3 சதவீதம் உண்மையில் தொழில் நடத்தும் பெண்களுக்கானது. செய்யாதீர்கள்.

வேலையை முடித்துக் கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. ‘மேலேயிருந்து பணம் வரட்டும்’ என்கிறார் மெயின் கான்ட்ராக்டர். நாங்கள் சிறு நிறுவனம்.

அவருக்கு மேலேயிருந்து பணம் வருவதும் வராததும் அவர் பாடு. 2006 குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான் உச்ச வரம்பு. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். சரக்கில் குறை என்றால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால், டெலிவரி நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கென உள்ள மத்திய அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் கொடுத்த பிறகு அடுத்த ஆர்டர் வருமா என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதனால் முதலில் அவருடைய ஆடிட்டருக்கும் நகல் வைத்து ஒரு மெயில் போடுங்கள். வருமான வரிச் சட்டப்படி, காலக்கெடு தாண்டி ஆண்டு இறுதியில் நிற்கும் பாக்கியை அவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதம் நெருங்கும்போது இந்த மெயிலுக்குப் பதில் வந்துவிடும்.

நான் டீலர். உத்யம் பதிவு இருக்கிறது. அரசுக் கொள்முதலில் இந்த 25 சதவீதச் சலுகை எனக்கு உண்டா?

இல்லை. தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான். வாங்கி விற்பவருக்குக் கிடைப்பது வங்கிக் கடனில் முன்னுரிமை மட்டும்.

நாங்கள் சப்ளை செய்வது தனியார் லிஸ்டெட் கம்பெனிக்கு. அங்கேயும் ஒதுக்கீடு இருக்கிறதா?

கட்டாய ஒதுக்கீடு கிடையாது. ஆனால் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள கம்பெனிகள் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபிக்கு ஆண்டுதோறும் ஒரு பொறுப்பு அறிக்கை தர வேண்டும். கச்சாப் பொருளில் எத்தனை சதவீதம் சிறு உற்பத்தியாளரிடமிருந்து நேரடியாக வாங்கினீர்கள் என்று அதில் கேள்வி உண்டு. விளிம்புநிலை மக்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு முன்னுரிமை தருகிறீர்களா என்பது விருப்பப் பகுதியில் வருகிறது. அங்கே ‘இல்லை’ என்று எழுதி நகர்ந்துவிடலாம், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். உங்கள் கம்பெனி என்ன எழுதியிருக்கிறது என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். ‘ஆம்’ என்றிருந்தால் அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு பர்ச்சேஸ் ஹெட்டைப் போய்ப் பாருங்கள்.