அக்காவின் உறக்கமின்மைக்கு அந்தத் தொழில்தான் காரணமா?

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, என் பெரியம்மா மகள் எட்டு ஆண்டுகளாகக் கோலாலம்பூரில் உணவகம் ஒன்றில் வேலை செய்வதாகவே வீட்டில் அனைவரும் நம்பியிருந்தோம். அங்கே பாலியல் தொழிலில் இருந்ததாக இப்போது என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். எங்களோடுதான் தங்கியிருக்கிறார், இரவில் உறங்குவதில்லை, வாசற்கதவு பூட்டியிருக்கிறதா என்று மூன்று நான்கு முறை எழுந்து பார்க்கிறார். போர்முனையிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு வரும் மனநோய் இத்தொழிலில் உள்ள எல்லாருக்கும் வரும் என்று ஆய்வு நிரூபித்துவிட்டதாகச் சமூகப்பணி படிக்கும் என் தோழி சொல்கிறாள். இன்னொரு தோழியோ, அதுவும் ஒரு வேலைதான், பாதிப்பெல்லாம் சமூகம் கட்டிவிட்ட கதை என்கிறாள். இதில் எது சரி? நான் அக்காவிடம் எப்படி நடந்துகொள்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அன்புச் சகோதரி, எட்டு ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாத ஒன்றை அக்கா உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய அனுமதியின்றி அது பெரியம்மாவின் காதுக்குக்கூடப் போகக்கூடாது. மற்ற எதையும்விட இது முக்கியம் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் முதல் தோழி குறிப்பிடுவது, மெலிசா ஃபார்லி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வாக இருக்க வேண்டும். தாய்லாந்து, தென்னாப்பிரிக்கா, ஜெர்மனி உள்ளிட்ட 9 நாடுகளில் 854 பேரிடம் பேசி, அவர்களில் 68 விழுக்காட்டினரிடம் பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மன அழுத்த நோயின் அறிகுறிகள் முழுமையாக இருப்பதாக அக்குழு அறிவித்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் நிலையை ஒட்டி, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் முதன்முதலாக இடம்பெற்ற நோய் அது. அதனால்தான் போர்வீரர் ஒப்பீடு எல்லார் வாயிலும் வருகிறது.

ஆனால் அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. அந்த 854 பேரில் 63 விழுக்காட்டினர் இத்தொழிலில் இருந்த காலத்தில் வன்புணர்வுக்கு ஆளானவர்கள். 68-ஐ மேற்கோள் காட்டுவோர் 63-ஐயும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும் என்பது என் கருத்து. அந்தப் பெண்களை நோய்ப்படுத்தியது பணத்திற்காக உடலுறவு கொண்டதா, அல்லது வன்புணர்வும் அடியும் உதையுமா என்பதுதானே கேள்வி? இத்தொழிலில் இருந்து வன்முறையைப் பிரிக்கவே முடியாது என்பது ஃபார்லி தரப்பின் வாதம். எதிர்த்தரப்பினரோ, தெருவிலும் உதவி நிலையங்களிலும் கிடைத்தவர்களைக் கொண்டு தொழிலில் உள்ள எல்லாரையும் அளக்கக்கூடாது என்கின்றனர். மருத்துவமனை வாசலில் நின்று கணக்கெடுத்தால் ஊரே நோயாளியாகத்தான் தெரியும். கனடாவில் பாலியல் தொழில் சட்டங்களை எதிர்த்து நடந்த வழக்கில், ஃபார்லியின் சார்புநிலை அவருடைய கருத்துகளில் கலந்திருக்கிறது என்று கூறி, 2010-இல் நீதிபதி சூசன் ஹிமெல் அவருடைய சாட்சியத்திற்குக் குறைந்த மதிப்பே அளித்தார். எப்படிப் பார்த்தாலும், ‘எல்லாருக்கும் வரும்’ என்று அந்த ஆய்வுகூடச் சொல்லவில்லை.

இரண்டாம் தோழியின் கூற்றையும் நான் ஏற்கவில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் தெரு, மதுக்கூடம், தனி அறை என்று பலவகை இடங்களில் தொழில் செய்த 193 பெண்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முந்தைய ஓராண்டில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது தெரியவந்தது. கட்டிவிட்ட கதைக்கு இவ்வளவு பேர் நோயாளிகளாக மாட்டார்கள். அதேவேளை, பாதிப்பு எல்லாரிடமும் ஒரே அளவாக இல்லை. வன்முறையைச் சந்தித்தவர்களிடமும், வேலைச்சூழல் மோசமாக இருந்தவர்களிடமும் அது கனத்திருந்தது. நெதர்லாந்தில் அறைகளுக்குள் தொழில் செய்த 96 பெண்களைத் தாதியரோடு ஒப்பிட்ட 2005-ஆம் ஆண்டு ஆய்வோ, வேலையால் வரும் உணர்ச்சிச் சோர்வில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடில்லை என்றது. ஆனால் பிறரை உணர்ச்சியற்ற பொருள்போலப் பார்க்கும் மனமரப்பு இப்பெண்களிடம் அதிகமாக இருந்தது. விருப்பமின்றித் தொழிலுக்கு வந்தவர்கள், ஊராரின் இழிசொல்லுக்கு அஞ்சியவர்கள், வாடிக்கையாளரிடம் ‘முடியாது’ என்று சொல்ல இயலாதவர்கள் ஆகியோரிடமே அது மிகுந்திருந்தது.

கோலாலம்பூரின் சௌக்கிட் வட்டாரத்தில் உள்ள உதவி நிலையம் ஒன்றில் சில ஆண்டுகள் ஆலோசகராக இருந்தபோது நான் சந்தித்த இருவரை, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். ஒருவர் எப்போதும் கதவோரத்து நாற்காலியில்தான் உட்காருவார். எல்லாரும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வர, அவர் மட்டும் காலிலிருந்து கழற்ற மாட்டார். வாடிக்கையாளர்களைப் பற்றிக் கடைக்காரர் சரக்கைப் பற்றிப் பேசுவதுபோலப் பதற்றமின்றிப் பேசுவார். ஆனால் மாடிப்படியில் கனத்த காலடி கேட்டால் பேச்சு பாதியில் நின்றுவிடும். முன்னால் இருக்கும் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) ஆறிப்போகும். ஒரு சோதனை நடவடிக்கையில் பிடிபட்டு, துண்டால் முகத்தை மறைத்தபடி நின்ற அவருடைய படம் நாளிதழில் வந்திருந்தது. துண்டைப் பார்த்தே தாய் மகளை அடையாளம் கண்டுகொண்டார். அது அவர் வாங்கிக் கொடுத்த துண்டு.

மற்றவரை எந்த வாடிக்கையாளரும் அடித்ததில்லை, எந்தச் சோதனையிலும் அவர் சிக்கியதில்லை. ஒவ்வொரு முறையும் அறைக்குள் போனதும், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த வாய்ப்பாட்டை மனத்துக்குள் சொல்லத் தொடங்கிவிடுவாராம். பதினாறாம் வாய்ப்பாடு முடிவதற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிடும் என்றார். தொழிலை விட்டு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, மகன் வீட்டுப்பாடத்திற்காக வாய்ப்பாடு ஒப்பிக்கத் தொடங்கிய மாலையில் அவருடைய கைகால் சில்லிட்டுப் போயின. அவரிடம் போய், உங்கள் காயத்திற்குக் காரணம் சமூகத்தின் இழிசொல் மட்டுமே என்று எந்தக் கோட்பாட்டை வைத்துச் சொல்வது? முதலாமவரிடம், உங்களைச் சிதைத்தது அந்த ஆண்கள்தான் என்று சொல்லியிருந்தால் அவர் மறுபடி வந்திருக்க மாட்டார். காயம் எங்கே பட்டது என்பதைப் பட்டவர்தான் காட்ட வேண்டும். நமக்குப் பிடித்த விடையை அவர்மீது சுமத்துவது, உதவி என்ற பெயரில் நடந்தாலும், அவருடைய வாயை மூடுவதுதான். இரு தோழியரும் படிப்பாளிகளாக இருக்கலாம். அக்காவிடம் இருவருமே எதுவும் கேட்கவில்லை.

அதனால் நீங்களும் துருவிக் கேட்க வேண்டாம். “கதவை நான் பூட்டிவிட்டேன், வேண்டுமானால் சேர்ந்து போய்ப் பார்ப்போம்” என்று இரவில் உடன் எழுந்து நில்லுங்கள். அவர் பேசினால் கேளுங்கள், நிறுத்தினால் விட்டுவிடுங்கள். உறக்கமின்மையும் திடுக்கிடலும் ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தால், அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மருத்துவரைப் பார்த்து மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். செய்த தொழிலைச் சொன்னால்தான் சிகிச்சை என்பதில்லை, அறிகுறிகளைச் சொன்னால் போதும். இந்நோய்க்கு நல்ல பேச்சுச் சிகிச்சைகள் உண்டு. அதிர்ச்சி அனுபவத்தை மையமாகக் கொண்ட சிந்தனைச் சீரமைப்புச் சிகிச்சையையும் கண்ணசைவுச் சிகிச்சையையும் (EMDR) உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்திருக்கிறது. பினாங்கில் 1985 முதல் இயங்கிவரும் மாற்றத்திற்கான மகளிர் மையத்தையும் அணுகலாம். அவசரமென்றால் 15999 என்ற தாலியான் காசே அரசாங்க உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: பாதிப்புக்குத் தொழில் மட்டும் காரணமல்ல என்று உங்களைப் போன்றவர்கள் பேசுவது, அத்தொழிலுக்கு அங்கீகாரம் தருவதாகாதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கெப்போங்

பதில்: ஐயா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. வறுமையும் கடனும் ஏமாற்றும் தள்ளிக்கொண்டு வந்து விட்ட பெண்களை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு பெண்கூட அப்படி வரக்கூடாது என்றே விரும்புகிறேன். ஆனால் நம் மலேசியாவின் குற்றவியல் சட்டம் 372பி பிரிவின்படி, வாடிக்கையாளரை அழைக்கும் பெண்ணுக்கு ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். இந்த நிலையில், கத்தியைக் காட்டி மிரட்டியவன்மீது புகார் கொடுக்க அவள் எந்தக் காவல் நிலையத்திற்குப் போவாள்? பையில் ஆணுறை இருந்தால் அதுவே சாட்சியாகிவிடும் என்று அஞ்சி, அதை வைத்துக்கொள்ளாமலே போனதாக என்னிடம் சொன்னவர்கள் உண்டு. கெடுபிடி மிகுந்த காவல் நடவடிக்கைகளுக்கு ஆளான பெண்கள் வன்முறையைச் சந்திக்கும் வாய்ப்பு மூன்று மடங்காக இருந்ததை, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான மதிப்பாய்வு காட்டியது. நியூசிலாந்து 2003-இல் கொண்டுவந்த சட்டம், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வாடிக்கையாளரைக்கூட மறுக்கும் உரிமையைப் பெண்ணுக்கு எழுத்தில் தந்தது. நான் கேட்பது தொழிலுக்கான அங்கீகாரத்தை அன்று, ஐயா. வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பெண், ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே வந்திருக்க முடிய வேண்டும்.