வியாழன் வெள்ளை உருண்டையா வருதா? 675 மடங்கு வாங்காதீங்க

கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். 114 மிமீ கண்ணாடி இருக்கற டெலஸ்கோப், 900 மிமீ குவியத்தூரம் (கண்ணாடிலேர்ந்து வெளிச்சம் ஒண்ணு சேர்ற இடம் வரைக்கும் உள்ள தூரம்), மொட்டை மாடியில வெச்சு மொபைல்ல வியாழனை எடுத்தா அதோட மேகப் பட்டையே தெரியல, வெறும் வெள்ளை உருண்டைதான் வருது, வித்தவர் 4 மிமீ ஐபீஸும் (கண்ணு வெச்சுப் பாக்கற லென்ஸ்) 3எக்ஸ் பார்லோவும் (அதை இன்னும் 3 மடங்கு பெருசாக்கற லென்ஸ்) போட்டா 675 மடங்கு தெரியும்ங்கறார், வாங்கலாமான்னு.

வேண்டாம் தம்பி. 900-ஐ 4-ஆல வகுத்து 3-ஆல பெருக்கினா 675 வரும், அதைத்தான் பெட்டி மேல அச்சடிச்சு விக்கறாங்க. கண்ணாடி எத்தனை மில்லிமீட்டரோ அதுல ரெண்டு மடங்குதான் எல்லை, உங்களுக்கு 228. அதுக்கு மேல மங்கல்தான் பெருசாகும். இதைக் கேக்க இங்க ஆளே இல்ல, பள்ளிக்கூடத்துக்கு வாங்கின டெலஸ்கோப்பை பீரோவுல பூட்டி வெச்சா பசங்க வியாபாரி பேச்சைத்தானே நம்புவாங்க!

உங்க கோளாறு வெளிச்சம். சுத்தி இருட்டா இருக்கறதால மொபைல் தானா வெளிச்சத்தை ஏத்திடுது, கோள் வெளுத்துப் போயிடுது. 10 மிமீ ஐபீஸ் போதும், மொபைலை ஸ்டாண்ட்ல மாட்டி, திரையில கோள் மேல அழுத்திப் பிடிச்சு லாக் பண்ணி, பட்டை தெரியற வரைக்கும் எக்ஸ்போஷரை இறக்குங்க. போட்டோ வேண்டாம், வீடியோ எடுங்க, ரெண்டு நிமிஷத்துக்குள்ள, ஏன்னா வியாழன் 10 மணி நேரத்துக்குள்ளயே ஒரு சுத்து சுத்திடும், நேரம் ஆனா படம் நகர்ந்து மங்கிடும். அப்புறம் பிப் (PIPP), ஆட்டோஸ்டாக்கர்ட் (AutoStakkert)னு ரெண்டு கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர், தெளிவா இருக்கற ஃப்ரேமை மட்டும் பொறுக்கி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிடும். ரெண்டும் இலவசம், யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க.

பார்லோ எப்பவுமே வேண்டாம்னு சொல்லல. ஐபீஸையே எடுத்துட்டு அந்த இடத்துல நேரா பிளானெட்டரி கேமரா (கோள் எடுக்கறதுக்குன்னே உள்ள கேமரா) சொருகினா, உங்க டெலஸ்கோப் எஃப்/8 (900-ஐ 114-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 8), 2.9 மைக்ரான் பிக்சல் கேமராவுக்கு எஃப்/15 கிட்ட வேணும், அப்ப நல்ல 2எக்ஸ் பார்லோ சரியா பொருந்தும். 2எக்ஸ்தான், 3எக்ஸ் இல்ல, கண்ணாடி லென்ஸ்தான், பிளாஸ்டிக் இல்ல. மொபைலுக்கு இது எதுவும் தேவையில்ல.

மாடித் தளம் பகல் சூட்டை ராத்திரி முழுக்க கக்கும், கோள் தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி ஆடும். முடிஞ்சா மண்தரையில வைங்க, ஒரு மணி நேரம் முன்னாடியே வெளிய வெச்சு ஆற விடுங்க, கோள் நல்லா உச்சிக்கு ஏறினதும் எடுங்க. தெரு விளக்கு கோளுக்கு ஒண்ணும் பண்ணாது. பிலிப்பைன்ஸ்ல செபு நகரத்துலேர்ந்து கிறிஸ்டோபர் கோங்கற அமெச்சூர் வியாழனை எடுத்து உலகமே பாக்குது, அந்த ஊரும் கிட்டத்தட்ட கடலூர் அட்சரேகைதான், கோள் உங்களுக்கும் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறும்.

கடைசியா ஒண்ணு, பெட்டியில ஐபீஸ்ல திருகற கருப்பு சன் ஃபில்டர் இருந்தா இன்னிக்கே உடைச்சு குப்பையில போடுங்க, சூட்டுல அது விரிசல் விட்டா கண் போயிடும்.